தள்ளிப்போன பிராக்டிகல்

ஓய்வு பெற்ற பிறகும் பிரின்சிபால் பிரின்சிபாலாகவே இருந்தார். ஓய்வு கொடுத்தது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அவர் நடத்திவந்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்துக்குக் கடைசி மாணவனும் வராமல் நின்றபோது, கதவைச் சாத்தித் தனக்குத் தானே ஓய்வு கொடுத்துக்கொண்டவர் அவர். பெயர்ப்பலகையில் 'உலக' என்ற சொல் பெரிதாக இருந்தது. ஆனால் உலகமே வந்தாலும் செருப்பைப் படியில் கழற்றிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது. படியோரம் வரிசையாகக் கிடந்த செருப்புகளைக் கீழ்க்கடைச் சரக்கு என்று நினைத்துப் போட்டுப் பார்த்து விலை கேட்டவர்கள் உண்டு. பிடித்துப்போய், போட்டுக்கொண்டே நடையைக் கட்டியவர்களும் உண்டு.

அவருடைய மனைவி அங்கே படித்தவள்தான். முதல் பெஞ்சு. பாடத்திட்டத்தை பிரின்சிபாலே வகுத்திருந்தார். முதலில் மாதக்கணக்கில் தியரி. கரும்பலகையில் கம்ப்யூட்டரின் படம், நோட்டில் அந்தப் படத்தின் படம். பிறகு காலண்டர் அட்டையில் கட்டம் போட்டு வரைந்த கீபோர்டில் விரல் பழக்கம். அசல் கம்ப்யூட்டரோ கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஏ.சி. காற்றில், பூப்போட்ட உறையைப் போர்த்திக்கொண்டு, காய்ச்சல் கண்ட பெரியவர்போல உட்கார்ந்திருக்கும். தியரியில் தேறியவர்களுக்குத்தான் பிராக்டிகல். அன்றுதான் உறை விலகும்.

தியரித் தேர்வில் அவள் நூற்றுக்கு நூறு வாங்கினாள். சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதச் சொல்லிக் கேள்வி. அவள் ஒரு விளையாட்டு எழுதியிருந்தாள். கம்ப்யூட்டர் மனசுக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளும். ஆடுகிறவர் ஊகித்துச் சொல்ல வேண்டும். பெரிசு, சிறிசு என்று அது துப்புக் கொடுக்கும். சரியாகச் சொல்லிவிட்டால் வாழ்த்தும். பிராக்டிகல் அடுத்த திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. அதற்குள் பிரின்சிபால் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்துவிட்டார்.

பிரின்சிபாலின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படித்தால் மற்ற மாணவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்றார் அவர். "கம்ப்யூட்டர் எங்க ஓடிப்போகப் போகுது? வாத்தியாரே வீட்டுல இருக்கேன். எப்ப வேணும்னாலும் கத்துக்கலாம்" என்றார்.

அந்த 'எப்ப வேணும்னாலும்' முப்பது வருஷத்தைத் தாண்டி ஓடிவிட்டது. மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, வேலை கிடைத்த ஊரிலேயே குடித்தனமும் போட்டுவிட்டாள். வீட்டுக்குள் போன் வந்தது. அந்தப் போனில் அம்மாக்காரி போடாத சண்டை இல்லை, ஆடாத ஆட்டம் இல்லை. அதெல்லாம் யாரோ எழுதிய ஆட்டம். அவள் எழுதியதோ காகிதத்தில் நூறு மதிப்பெண் வாங்கியதோடு சரி, எந்த இயந்திரத்திலும் ஒரு தடவைகூட ஓடியதில்லை. துணி மடிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அதன் வரிகள் எண் வரிசையாக வாய்க்குள் ஓடும். ஓடியிருக்குமா என்ற கேள்வியும் கூடவே ஓடும். ஊரில் யாருக்கும் தேவைப்படாத கேள்வி. அவளுக்குத் தேவைப்பட்டது.

இந்த நிலையில்தான் பிரின்சிபால் ஒரு மத்தியானம் போனில் அந்த வீடியோவைப் பார்த்தார். எங்கேயோ ஒரு தாடிக்காரர் தன் வீட்டில் ஓர் அறை முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்களை அடுக்கி, சுவரெல்லாம் பழைய சினிமா போஸ்டர் மாட்டி, ஊதா விளக்குப் போட்டு, நடுவில் நாற்காலி போட்டுச் சுழன்றுகொண்டிருந்தார். பிரின்சிபால் அதை மறுபடி மறுபடி பார்த்தார். சாயங்காலம் மகளின் பழைய அறைக்குள் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, இனி அந்த அறைக்குப் பெயர் 'கணினிக் கலைக்கூடம்' என்று அறிவித்தார்.

கட்டில் மாடிக்குப் போனது. பரணிலிருந்து பூப்போட்ட உறையோடு அந்தப் பழைய கம்ப்யூட்டர் இறங்கியது. அதற்குத் துணையாகக் காயலான் கடையிலிருந்து, கிலோக் கணக்கில் எடை போட்டு வாங்கிய இன்னும் சில பெட்டிகள் வந்தன. ஒன்றின் திரைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, பல்லி ஒன்று குடியிருந்ததைத் தவிர. அடியில் ரப்பர் குண்டு உருளும் ஒரு மவுஸை, நகைக்கடையில் அட்டிகை வைப்பதுபோல, வெல்வெட் மெத்தையில் கிடத்தினார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஜன்னல் திரையின் பட்டுக் கயிற்றைக் குறுக்கே கட்டினார். ஒவ்வொரு பெட்டிக்கும் அட்டையில் விவரம் எழுதினார். விவரம் தெரியாத இடத்தில் 'அரியது' என்று எழுதினார். பெரும்பாலும் எல்லாமே அரியவையாகத்தான் இருந்தன.

போஸ்டருக்குத்தான் கொஞ்சம் இறங்கிவர வேண்டியிருந்தது. பிரின்சிபாலுக்குச் சினிமா என்றால் ஆகாது. படம் பார்த்து உருப்பட்டவன் உண்டா என்று வகுப்பில் கேட்டுக் கேட்டே அவர் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. ஆனால் தாடிக்காரர் அறையில் போஸ்டர் இருந்ததே. ஆக, ராத்திரியோடு ராத்திரியாக அவருக்கும் சினிமாவில் மலரும் நினைவுகள் உண்டாகிவிட்டன. அவற்றுக்கு வேண்டிய போஸ்டர்கள் மைத்துனனிடம் இருந்தன.

மைத்துனனை எல்லோரும் பால்கனி என்றுதான் கூப்பிடுவார்கள். இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்ட ஒரு தியேட்டரில் பால்கனி வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவன். தியேட்டர் போனபோது சம்பளப் பாக்கியைக் கேட்காமல் போஸ்டர்களைக் கேட்டு வாங்கி ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தான். அவன் பெண்டாட்டி இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறாள். அக்கா கேட்டாள் என்பதற்காக ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது, "அத்தான், இந்தக் கட்டுல மட்டும் ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தான்.

"எனக்குத் தெரியும் மச்சான்" என்று பிரின்சிபால் சுருளை வாங்கிக்கொண்டார்.

சுருளில் ஆறு தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்து, ஒரு சுவருக்கு ஒன்றோ இரண்டோ என்று மாட்டினார். ஜன்னல் பக்கம் ஒரு நெற்றியும் ஒரு கண்ணும். கதவுக்கு மேலே புகை. அலமாரிக்குப் பக்கத்தில் இரண்டு பூட்ஸ் கால்களும் ஒரு குதிரை வாலும். மற்றொரு சட்டத்தில் பாதி முஷ்டி, அதற்கும் கீழே யாருடையது என்று தெரியாத சேலைத் தலைப்பு. அவருக்கே முதலில் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. நின்று பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். பிறகு தெளிவு பிறந்தது.

"பாரு, அந்தக் காலத்து ஆர்ட்டிஸ்டுக்கு எவ்வளவு துணிச்சல்" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "மூஞ்சியக் காட்டாம வெறும் பூட்ஸ மட்டும் காட்டி ஒரு படத்த ஓட்டியிருக்கான்."

அவள் பூட்ஸைப் பார்த்தாள், எதிர்ச் சுவரில் இருந்த கண்ணைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எதற்கு வாய் திறப்பது என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அவள் வாய் திறக்க வேண்டிய விஷயம் மேஜைமேல் இருந்தது.

மறுநாள் காபி கொடுக்கும்போது கேட்டாள். கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டும்படியும், தன் புரோகிராமை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றும்.

பிரின்சிபால் பல காரணங்கள் சொன்னார். மின்சாரம் ஏறி இறங்குகிறது. அறை இன்னும் குளிரவில்லை. இது காட்சிப் பொருள், காட்சிப் பொருளைப் புழங்கக் கூடாது, எந்த அருங்காட்சியகத்தில் ராஜாவின் கத்தியை எடுத்துக் காய் நறுக்குகிறார்கள்?

"வேலை செய்யுதா அது?"

"செய்யுது. அதுல என்ன சந்தேகம்?"

"போட்டுப் பாத்தீங்களா?"

"வேலை செய்யறத எதுக்குப் போட்டுப் பாக்கணும்?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் துணி எடுக்கப் போனவள், திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தாள். பிரின்சிபால் கயிற்றுக்கு உள்ளே நின்றிருந்தார். ஆள்காட்டி விரல் கம்ப்யூட்டரின் பின்பக்கம் சுவிட்சின்மேல் இருந்தது. விரல் அங்கேயே வெகுநேரம் இருந்தது. பிறகு இடுப்பிலிருந்து துண்டை உருவி, சுவிட்சை நன்றாகத் துடைத்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்பதுபோல வெளியே வந்தார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. போடாத வரைக்கும் அது வேலை செய்யும். போட்டுவிட்டால் வேலை செய்யாமலும் போகலாம். செத்துப்போனது என்று தெரிந்துவிட்டால் அவர் வெறும் செருப்புக் கடை மாடிக்காரர் ஆகிவிடுவார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கோபம் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. அவர் பயத்துக்குப் பின்னால்தானே அவளுடைய கேள்வியும் மாட்டிக்கொண்டிருக்கிறது?

அவர் நடைப்பயிற்சிக்குப் போகும் நேரம் பார்த்துத் தானே போட்டுவிடலாம் என்று ஒரு சாயங்காலம் அவள் உள்ளே போகவும் செய்தாள். கயிற்றைத் தாண்டினாள். உறையை விலக்கினாள். கை சுவிட்ச் வரை போனது. ஓடாமல் போனால்? கம்ப்யூட்டர் இல்லை, புரோகிராம். இவ்வளவு வருஷமாக நூற்றுக்கு நூறாக இருந்த ஒன்று. அவள் உறையை மறுபடி போர்த்தி, மடிப்பைச் சரிசெய்துவிட்டு வந்தாள். வீட்டில் இருவருக்கும் ஒரே வியாதி என்று தெரிந்ததில் கோபம் பாதியாகக் குறைந்தது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டாள்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார் பிரின்சிபால். அழைப்பிதழ் அச்சடித்தார். சிறப்பு விருந்தினர் அவருடைய பழைய மாணவர், இன்று ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் துணைத் தலைவர். படிக்கிற காலத்தில் அவரைத் தூங்குமூஞ்சி என்று பிரின்சிபால்தான் கூப்பிடுவார். அழைப்பிதழில் 'என் மாணவமணி' என்று போட்டிருந்தது.

துணைத் தலைவர் தெருவை அடைக்கிற மாதிரி ஒரு காரில் வந்து இறங்கினார். கலைக்கூட வாசலில் காலணியைக் கழற்றச் சொன்னபோது சற்றுத் தயங்கினார். கழற்றியதும் தயக்கத்தின் காரணம் தெரிந்தது. சாக்ஸின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் வெளியே வந்து எல்லோரையும் பார்த்தது. தெரு சங்கத் தலைவர் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசினார். கற்காலத்தில் ஆரம்பித்தார். சக்கரத்தைக் கண்டுபிடிக்கும் இடத்துக்கு வரும்போதே முன்வரிசையில் கொட்டாவி தொடங்கிவிட்டது; அவர் நீராவியை எட்டுவதற்குள் பிரின்சிபால் கத்தரிக்கோலை நீட்டி ரிப்பனை வெட்ட வைத்தார்.

உள்ளே நுழைந்தவர்களில் பால்கனிதான் முதலில் நின்றான். ஜன்னல் பக்கம் பார்த்தான். கதவுக்கு மேலே பார்த்தான். பூட்ஸைப் பார்த்ததும் கையிலிருந்த பிஸ்கட் தட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டான்.

"அத்தான், இது ஒரே போஸ்டர்" என்றான், சாவு வீட்டில் பேசுகிற குரலில். "ஆறு தாளையும் சேத்து ஒட்டினாத்தான் ஒரு ஆள். எங்க ஹீரோவ ஆறு துண்டாக்கி நாலு சுவத்துல மாட்டிட்டீங்களே."

சங்கத் தலைவர் பூட்ஸையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார். பிரின்சிபால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தெரியும் மச்சான். பாக்கறவங்க மனசுல சேத்து ஒட்டிக்கணும். அதுதான் கான்செப்ட்."

துணைத் தலைவர் கைதட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள். பால்கனி மட்டும் கதவுக்கு மேலிருந்த புகையை அண்ணாந்து பார்த்தபடி, அது புகையில்லை, ஹீரோவின் தலைமுடி என்று முணுமுணுத்தான்.

பிறகு துணைத் தலைவர் பேசினார். இந்த மகானிடம்தான் பொறுமையைக் கற்றேன் என்றார். படித்து முடிக்கிறவரை இந்தக் கம்ப்யூட்டரைப் போட்டு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, என் வரிசை வருவதற்குள் ஏ.சி. கெட்டுவிட்டது என்று உருக்கமாகச் சொன்னார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே கயிற்றுக்கு அருகில் வந்து, பூப்போட்ட உறையைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரித்தார்.

"சார், ஓடுதா இன்னும்?"

"பிரமாதமா ஓடுது."

"அப்போ ஒரு தடவை போடுங்களேன் சார். இன்னிக்காவது பாத்துடறேன்."

எல்லோரும் கயிற்றை நெருங்கினார்கள். போன்கள் உயர்ந்தன. பிரின்சிபாலின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, யாரோ அதையும் சட்டம் போட்டு மாட்டியதுபோல. கை சட்டைப் பொத்தானைத் தேடித் தடவியது.

இதுதான் நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை பேர் முன்னால் கேட்டால் அவர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சுவிட்ச் விழும். முப்பது வருஷம் காத்திருந்தது ஒரு நிமிஷத்தில் நடந்துவிடும். அவள் வாயைத் திறந்தாள்.

"காலையிலேர்ந்து கரண்ட் ஏறி ஏறி இறங்குதுங்க" என்றாள். "இன்னிக்கு வேண்டாம். பழைய மெஷின், எரிஞ்சிடும்."

தலைக்கு மேலே ஊதா விளக்கு ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. யாரும் அதை அண்ணாந்து பார்க்கவில்லை, பால்கனியைத் தவிர. அவனும் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிஸ்கட் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டான். துணைத் தலைவர், இன்னொரு நாள் கண்டிப்பாக வருகிறேன் என்று, அப்படிச் சொல்கிறவர்கள் சொல்கிற மாதிரியே சொல்லி, உறையோடு ஒரு செல்பி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விருந்தினர்கள் போன பிறகு அவள் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு மடித்தாள். பிரின்சிபால் கலைக்கூடத்தின் சுழல் நாற்காலியில் சுழலாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றார்.

"நீங்க முழிச்ச முழி அப்படி, சார்."

அவள் அவரை சார் என்று கூப்பிட்டால் வானிலை சரியில்லை என்று அர்த்தம். பிரின்சிபால் தரையைப் பார்த்தார். மேடையில் பேசுகிற குரல் அவரிடமிருந்து எங்கோ போய்விட்டிருந்தது.

"செத்துக் கெடந்தா?" என்றார்.

"கெடந்தா என்ன? உங்களயும் சேத்தா எடுத்துப் போகப் போறாங்க? நாளைக்கும் நீங்கதான் பால் வாங்கப் போகணும்." கையிலிருந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்தாள். "அவங்க முன்னாடி உங்கள விட்டுக்கொடுக்கல. அத்தோட என் பங்கு முடிஞ்சுது. எனக்கு பிராக்டிகல் வேணும். ஓடுதோ ஓடலையோ, இன்னிக்குத் தெரிஞ்சாகணும்."

பிரின்சிபால் எழுந்து போய்ப் பட்டுக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு அவருக்கே பிடிபடவில்லை. தட்டுகளைக் கழுவ நின்றுவிட்ட பால்கனி வந்து பல்லால் கடித்து அவிழ்த்தான்.

உறை விலகியது. ஒயர்களைப் பொருத்தும்போது பிரின்சிபால், எது எங்கே போகும் என்பதில் தடுமாறவில்லை. சுவிட்சின்மேல் விரல் வைத்தார். அவள் தன் விரலை அவர் விரல்மேல் வைத்து அழுத்தினாள்.

டக் என்றது. அப்புறம் ஒன்றுமில்லை. திரை இருட்டாகவே இருந்தது. வறுபட்ட தூசியின் வாசனை மட்டும் மெல்ல எழுந்தது. பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருங்கத்தான், தியேட்டர்லயும் இப்படித்தான்" என்றான் பால்கனி. "மொதல்ல வாசனை வரும். படம் அப்புறம்தான்."

படம் வந்தது. திரையின் நடுவில் ஒரு பச்சை மங்கல், பிறகு அது பரவி, பிறகு மேல் ஓரத்தில் சில எழுத்துகள், அவற்றுக்குக் கீழே கண் சிமிட்டிக்கொண்டு ஒரு சின்னப் பச்சைக் கட்டம். பிரின்சிபால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, பூப்போட்ட உறையை எடுத்து மூக்கைச் சிந்தினார். இவ்வளவு நாள் தூசி படக் கூடாது என்று கட்டிக் காத்த உறை.

அவள் உட்கார்ந்தாள். விரல்கள் தாமாக இடம் பார்த்து அமர்ந்தன; கீழே குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. முதல் வரியை அடித்தாள். திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. மறுபடி அடித்தாள். பச்சைக் கட்டம் இருந்த இடத்திலேயே சிமிட்டியது.

கீபோர்டு போய்விட்டது என்று பிரின்சிபால் பதறினார். அவள் தன் விரல்களைப் பார்த்தாள். எழுத்தின்மேல் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தாள், அட்டை கசங்கிவிடாமல். காலண்டர் அட்டையில் யாரும் அழுத்தச் சொல்லித் தந்ததில்லை. அழுத்தினால் அடியில் மேஜைதான்.

ஒரு விரலைத் தூக்கி, மாவு உருண்டையை அமுக்குவதுபோல அமுக்கினாள். கட்டக் என்று சத்தம் வந்தது. திரையில் எழுத்து விழுந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதன் பிறகு கட்டக் கட்டக் என்று வரி வரியாக இறங்கியது. எண், வரி, எண், வரி. வாய்க்குள் ஓடியதெல்லாம் பச்சையாக வெளியே வந்து நின்றது. பிரின்சிபாலும் பால்கனியும் இரண்டு பக்கமும் நின்று, விமானம் ஓட்டுகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கடைசி வரியை முடித்துவிட்டு ஒரு நிமிஷம் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஓடச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள்.

அது ஓடியது. ஓர் எண்ணை நினைத்துக்கொண்டிருப்பதாகவும் ஊகிக்கும்படியும் திரை சொன்னது. இவள் என்றோ எழுதிய வாக்கியம், அதே நிறுத்தக் குறியோடு.

முதல் ஆட்டம் தனக்குத்தான் என்றான் பால்கனி. ஐம்பது என்றான். பெரிசு என்றது. இருபது என்றான். சிறிசு என்றது. ஒரு வழியாக முப்பத்தேழில் கம்ப்யூட்டர் அவனை வாழ்த்தியது. பால்கனி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அதற்குள் திரை மறுபடி ஊகிக்கச் சொன்னது. அவன் முப்பத்தேழு என்றான். வாழ்த்தியது. மறுபடி கேட்டது. மறுபடி முப்பத்தேழு. வாழ்த்து. மறுபடி கேள்வி.

"என்னக்கா இது, சரியான பதில் சொன்னாலும் விடமாட்டேங்குது?" என்றான். "அத்தான் மாதிரியே வளத்திருக்கே."

அவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள்.

"நூத்துக்கு நூறு போட்டீங்களே, சார்?"

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டேன்."

"நிக்கவே நிக்காத புரோகிராமுக்கா?"

"நான் கடைசி வரைக்கும் படிக்கல."

"ஏன்?"

"பாதி படிக்கும்போதே பெண் கேட்டு வரதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் பிரின்சிபால். "அப்புறம் என்னத்தப் படிக்கறது?"

பால்கனி சட்டென்று கதவுக்கு மேலே பார்க்க ஆரம்பித்தான்.

நூறு போய்விட்டது என்றால் மனசு உடைந்துவிடும் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். உடையவில்லை. பசி மாதிரி ஒன்று கிளம்பியது. அவள் செய்ததில் தப்பு இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் அதை ஓட்டிப் பார்த்ததில்லை. இந்தப் பெட்டி ஓட்டிப் பார்த்தது. முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. பிரின்சிபால், எங்கே தப்பு என்று தனக்குத் தெரியும் என்று கை நீட்டினார். தான் பார்த்துக்கொள்வதாக அவள் சொன்னாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். அப்படிச் செய்வது அவருக்குச் சுலபமாக இல்லை. பாதி வழியில் இன்னொரு தடவை நீண்டு, தானே திரும்பிப் போனது.

அவள் ஓட்டத்தை நிறுத்தி, வரிகளை எல்லாம் திரையில் வரவழைத்தாள். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். சரியாகச் சொன்னவரை வாழ்த்துகிற வரிக்கு அடுத்த வரி, யாராக இருந்தாலும் ஊகிக்கக் கேட்கிற வரிக்கே திரும்பிப் போகச் சொன்னது. ஜெயித்தவரை வீட்டுக்கு அனுப்ப அவள் எங்கேயும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. இரண்டு வரிக்கு நடுவில் புதிதாக ஒன்றை நுழைத்து, ஜெயித்தவருக்கு மட்டும் வாசல் வைத்தாள். மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை பிரின்சிபாலை ஊகிக்கச் சொன்னாள். அவர் யோசித்து யோசித்து, ஒரு தடவை சொன்ன எண்ணையே மறுபடி சொல்லி, கடைசியில் கண்டுபிடித்தார். வாழ்த்து வந்தது. ஆட்டம் நின்றது. பச்சைக் கட்டம் சும்மா சிமிட்டிக்கொண்டிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. பால்கனி, எண்ணுக்குப் பதிலாக ஏதாவது நடிகரை நினைத்துக்கொள்கிற மாதிரி ஆட்டம் எழுத முடியுமா என்று கேட்டான். முடியும், ஆனால் மீசையைப் பற்றியே ஏழெட்டுக் கேள்வி வைக்க வேண்டியிருக்கும் என்றாள் அவள். வரிகள் வாய்க்குள் ஓட ஆரம்பித்துவிட்டன.

அணைக்கப் போனபோது பிரின்சிபால் தடுத்தார். இதில் சேமிக்க வழியில்லை, அணைத்தால் எழுதியது முழுக்க அழிந்துவிடும் என்றார். சொல்லிவிட்டு, சொல்லாமல் விட்டதையும் சொன்னார்:

"மறுபடி போட்டா வருமோ வராதோ."

"வரலன்னா எங்க பழுதுன்னு பாப்போம்" என்றபடி அவள் சுவிட்சைத் தட்டினாள். பச்சை முழுவதும் சுருங்கி ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் போனது. "நாளைக்கு சாயங்காலம் கிளாஸ். உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்க."

"எத்தனை மணிக்கு?" என்றார் பிரின்சிபால்.

காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நின்று, அவருடைய நடைப்பயிற்சி நேரத்தை மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"வாக்கிங் முடிச்சுட்டு வாங்க" என்றாள். "லேட்டானா எங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. ஆரம்பிச்சிடுவோம்."